அணியத்துல பாரம் இல்ல, தம்பி

தூத்துக்குடியில் யாரும் எதையும் ரகசியமாகக் கட்டிவிட முடியாது. தோணி கட்டியவர்கள் இருக்கிறார்கள், தோணி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், தோணிக்குச் சரக்கு ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்று வகையிலும் சேராதவர்கள், அந்தத் தோணிகளைப் பற்றிக் கருத்துச் சொல்லியே பழகியவர்கள். மரத்தை இழைக்கிற சத்தம் கேட்டால் போதும், நாலு வீடு தள்ளி இருப்பவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவார். இப்படிப்பட்ட ஊரில் நரை தட்டிய குடும்பஸ்தன் ஒருவன் மொட்டைமாடியில் உட்கார்ந்து விளையாட்டு விமானம் கட்டினால் அந்தச் சேதி வீட்டுக்குள் நிற்குமா?

குடும்பஸ்தன் அடியேன்தான். வேலை ஷிப்பிங் ஆபீஸில். கன்டெய்னருக்குள் எந்தப் பெட்டி அடியில் போக வேண்டும், எது மேலே இருக்க வேண்டும், எடை எப்படிப் பரவ வேண்டும் என்று நாள் முழுக்க ஊராருக்குக் காகிதம் எழுதிக் கொடுக்கிறவன். பாரம் எங்கே இருக்க வேண்டும் என்பதை எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற இறுமாப்பு இருந்தது.

விமான ஆசை கல்லூரி நாளிலேயே பிடித்தது. என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் ஒரு பாடமாகவே உண்டு; அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே வைக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் இருந்ததோ கடற்படைப் பிரிவு. விதவிதமாக முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதில் ஒன்றாவது கொடிக்கயிறு கட்ட உதவியது. விமான ஆசை மட்டும் அப்படியே கிடந்து, பிள்ளைகள் தலையெடுத்து, வீட்டில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடாத பருவம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தது.

பெட்டி தபாலில் வந்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சலாபத்தில் அள்ளிவந்த சிப்பிகளைத் திறந்து பார்க்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் எடுப்பார்கள். உள்ளே முத்து இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நாற்றம் மட்டும். 1961-ஓடு இங்கே சலாபம் நின்றுபோனது. அந்தச் சூதாட்டக் குணம் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு என் கிரெடிட் கார்டு சாட்சி. பெட்டிக்குள் சில மெல்லிய பலகைகள், ஒரு வரைபடம், ரப்பர் சுருள், செய்முறைத் தாள். தாளின் முதல் வரி, முழுவதையும் படித்துவிட்டுத் தொடங்கச் சொன்னது. கப்பல் சரக்கு ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை எங்கள் ஆபீஸில் இதுவரை ஒருத்தரும் படித்ததில்லை; உலக வாணிபம் அதுபாட்டுக்கு நடக்கிறது. நான் தொடங்கிவிட்டேன்.

பலகை பால்சா மரம். எங்கள் துறைமுகத்தில் வெளிநாட்டு மரத்தடிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. அவற்றில் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ என்றால் பால்சா 150 கிலோ அளவுதான். உலகத்து பால்சாவில் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயர்கள் பறக்கவிட்ட ‘மஸ்கிட்டோ’ விமானத்தின் உடம்பே, நடுவில் பால்சா, இருபுறமும் ஒட்டுப்பலகை என்று செய்ததுதான். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள். “உள்ள ஒண்ணுமே இல்ல போல இருக்கே. நல்லாப் பாத்து வாங்குனியளா?”

அடுத்த வீட்டுத் தண்டல் அண்ணாச்சியும் பலகையைத் தூக்கிப் பார்த்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டி ஓய்ந்தவர். நகத்தால் ஒரு கீறு கீறினார், மோந்தார். “இதுல கட்டுமரம் போட்டா அருமையா இருக்குமே தம்பி.”

“இது ஆகாயத்துக்கு உள்ள மரம் அண்ணாச்சி” என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டேன். பிற்பாடு படித்தபோது தெரிந்தது: 1947-இல் தோர் ஹெயர்தால் என்ற நார்வேக்காரர் 9 பால்சா தடிகளைக் கட்டி, ‘கோன்-டிக்கி’ என்று பேர் வைத்து, பெருவிலிருந்து 101 நாள் பசிபிக் கடலில் மிதந்துபோய் ஒரு தீவின் பவளப்பாரில் முட்டி நின்றிருக்கிறார். இதை நான் அண்ணாச்சியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இறக்கைதான் முதல் வேலை. காகிதத்தை மிச்சம் பிடிக்க, பல வரைபடங்களில் ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் அச்சிட்டிருப்பார்கள். மறுபக்கத்துக்கு அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டு, கோடு தெரிவதற்காகக் கொஞ்சம் எண்ணெய் தடவி, அதன்மேல் கட்ட வேண்டும். நான் அதே பக்கத்திலேயே இரண்டையும் கட்டினேன். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்க லட்சணமாக இருந்தது. சேர்த்து வைத்தால் ஒன்று முன்னே பார்த்தது, மற்றது பின்னே பார்த்தது. உலகம் முழுக்க விமானம் கட்டுகிற ஆசாமிகள் செய்கிற பிழைகளில் தலையாய பிழை இதுதானாம், இரண்டு இடது இறக்கை. நான் அவற்றைத் திருப்பியும் புரட்டியும் பார்த்துக்கொண்டிருக்க, தையல் மெஷினிலிருந்து குரல் வந்தது.

“ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டியளா? துணிய மடிச்சுப் போட்டுல்லா வெட்டணும்!”

இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. அன்று மாலைக்குள் தெருவில் உள்ள ரவிக்கை வாடிக்கையாளர் அனைவருக்கும் தெரிந்தது.

மறுபடி கட்டினேன். இந்த முறை தாளைக் கவிழ்த்து, சமையலறையிலிருந்து நல்லெண்ணெய் எடுத்துத் தாராளமாகத் தடவினேன். எண்ணெய் மரத்தில் ஊறிவிட்டது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை நிற்காது. எண்ணெய் படாத இடத்தில் பசை மிக நன்றாக நின்றது. எவ்வளவு நன்றாக என்றால், வரைபடத்தின் மேல் மெழுகுத்தாளோ பாலிதீனோ விரிக்க வேண்டும் என்ற வரியை நான் எட்டவே இல்லை என்பதால், இறக்கை தாளோடும், தாள் சாப்பாட்டு மேசையோடும் ஒன்றாகிவிட்டன. 1871-இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பேனோ என்பவர் ரப்பரை முறுக்கி விட்ட குட்டி விமானம் 11 விநாடி பறந்தது. அதே ரப்பர் வித்தையில் அமைந்த என் விமானம் மேசையை விட்டுக் கிளம்பவே மறுத்தது. மேசையில் அந்த இறக்கையின் எலும்பு வரிசை இன்னும் இருக்கிறது. விருந்தாளிகள் மீன்முள் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்கிறார்கள்.

பசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டென்று ஒட்டுகிற அந்தப் பசையின் சரக்கு 1942-இல் அமெரிக்காவின் கோடக் கம்பெனியில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர் கையில் அகப்பட்டது. அவர் தேடியது துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குக் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக். கிடைத்ததோ தொட்ட இடமெல்லாம் பிடித்துக்கொண்டது. சனியன் என்று ஒதுக்கிவிட்டார். 1958-இல்தான் அது பசையாகக் கடைக்கு வந்தது. அது இறுகுவதற்குக் காற்றில் இருக்கிற ஈரமே போதும். ஜாடிக்குள் வைத்த உப்பே நீர்விட்டு நிற்கிற ஊரில், கேட்கவா வேண்டும்? குழாயின் மூடியைத் திறந்து, எங்கே ஒட்டலாம் என்று நான் யோசிப்பதற்குள் அது தானே ஒரு முடிவெடுத்துவிடும். ஒருநாள் இரவு என் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாக ஒட்டிவிட்டது. பிய்க்கக் கூடாது, நகப்பூச்சு அழிக்கிற திரவமோ, சோப்புக் கலந்த வெந்நீரோ கொண்டு மெல்ல ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். மகளின் குப்பியில் திரவம் தீர்ந்திருந்தது. வெந்நீருக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. மறுநாள் ஆபீஸில் மேனேஜர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் விரலை வட்டமாகக் காட்டி ‘பிரமாதம்’ என்று மெச்சியபடி இருந்தேன். அந்த வருஷம் எனக்கு நல்ல போனஸ் கிடைத்தது.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. பருத்தியில் கொட்டினால் குபீரென்று சூடேறும், சில வேளை புகையே வரும். வேட்டி பருத்தி. மடியில் கொட்டிய மறுகணம் நான் எழுந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, மாடிக்கு வற்றல் எடுக்க வந்த என் மாமியார் முறத்தைக் கீழே வைத்துக் கைகூப்பினார். “எந்தச் சாமி வந்திருக்கு? வாயத் திறந்து சொல்லு.” நான் சொன்ன வார்த்தைகளிலிருந்து, வந்தது நல்ல சாமி இல்லை என்று முடிவு செய்து கீழே போய் விபூதி கொண்டுவந்தார்.

பால்சா தீர்ந்தது. மகன் சொன்னான், “இப்பல்லாம் யாருப்பா மரத்துல செய்யுதா? தெர்மகோல்ல செய்ங்க, மோட்டார் வைங்க, ரிமோட்ல ஓட்டுங்க.” தெர்மகோலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? மீன் ஏற்றுமதிக்கு ஐஸ் போட்டு அனுப்புகிற பெட்டிகள் எங்கும் கிடைக்கும். நாலு மூடியை வாங்கிவந்து, சூடான கம்பியால் வகுந்து, இறக்கையும் வாலும் செய்தேன். இந்த முறை இறக்கையை மடித்துப் போட்டு வெட்டினேன் என்று சொல்ல வேண்டும். மேற்பார்வை யாருடையது என்று சொல்ல வேண்டாம். மேற்படி பசை தெர்மகோலை அரித்துத் தின்னும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டு வேறு பசைக்கு மாறினேன். ஸ்ப்ரே பெயின்ட்டும் அதே மாதிரி தின்னும் என்று வாலின் ஒரு மூலை போன பிறகு புரிந்ததால், விமானம் வெள்ளையாகவே நின்றது.

ஒன்றை யோசிக்காமல் விட்டேன். எத்தனை வெயிலில் காயவைத்தாலும் பெட்டியின் வாசம் போகாது. என் விமானத்தில் சாளையும் சீலாவும் கலந்து மணந்தன. இரவில் தெருப்பூனைகள் மாடியேறி வந்து வால் சுக்கானை நக்கின. பகலில் காக்கைகள். ஒரு செம்பருந்து மேலே வட்டமிட்டபடி இது மீனா, பறவையா, இரண்டுமா என்று ஆராய்ந்தது. பறப்பதற்கு முன்பே எதிரிகளைச் சம்பாதித்த விமானம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது கதவு. தோணி கட்டுகிறவர்கள் கடற்கரையில் வைத்துக் கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் மழைக்குப் பயந்து உள்ளறையில் வைத்து இறக்கையை உடம்போடு ஒட்டினேன். இறக்கை நாலரை அடி. கதவு இரண்டரை. விமானத்தைச் சாய்த்து, வளைத்து, சன்னல் கம்பியைக் கழற்றி… இந்தப் பகுதியை இத்தோடு விட்டுவிடுகிறேன், வீட்டுக்காரர் இதைப் படிக்கக்கூடும்.

பறக்கவிடும் இடத்துக்கு விதி உண்டு. 2021-இன் ட்ரோன் விதிகளின்படி அரசின் வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். துறைமுகம் சி.ஐ.எஸ்.எஃப். காவலில் இருப்பது, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பார்த்துத் தேடி, முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தை ஒட்டிய வெட்டவெளியைப் பிடித்தோம். மாதம் ஆடி. ஆடிக்காற்றில் தோணிகளே கரையில் கட்டிக்கிடக்கும். எனக்கு லீவு அப்போதுதான் கிடைத்தது. 1986-இல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்றை அரசாங்கம் கொண்டுவந்து நட்டது இதே முள்ளக்காட்டில்தான். ஏன் இந்த இடம் என்று அவர்கள் ஆராய்ந்து பார்த்திருப்பார்கள். நான் ஆராயவில்லை.

தண்டல் அண்ணாச்சியும் கூட வந்தார். அவரோடு தெருவில் பாதி வந்தது.

மகன் விமானத்தை எறிந்தான். ரிமோட்டில் நான் இடது பக்கம் தள்ளினேன். விமானம் வலது பக்கம் போனது. பதறி இன்னும் இடது பக்கம் தள்ளினேன். இன்னும் வலது பக்கம் போனது. பிறகு அரைவட்டம் அடித்து என்னை நோக்கித் திரும்பியதும் திடீரென்று சொன்ன பேச்சைக் கேட்டது! விஷயம் இதுதான்: விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் இடது நமக்கு வலது. புதியவர்கள் எல்லோரும் அதில் தடுமாறுவார்கள். நானோ சுக்கானுக்கான கம்பியையே மாற்றி இணைத்திருந்தேன். இரண்டு பிழையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டதால், என்னைத் தாக்க வரும்போது மட்டும் அது எனக்குக் கட்டுப்பட்டது.

“சுக்கான மாத்திக் கட்டிருக்கீங்கப்பா” என்றான் மகன்.

“சரியாத்தானல கட்டிருக்கு” என்றார் தண்டல். “சுக்கான் கட்டைய இடது கைப்பக்கம் தள்ளுனா தோணி வலது பக்கந்தான் போகும். எந்த ஊர்ல நேராப் போகும்?”

இருவரும் வாதாடிக்கொண்டிருக்க விமானம் உப்புப் பாத்திக்குள் மூக்கைக் குத்தி நின்றது. நான் அதன்பிறகு படித்து ஆறுதல் அடைந்த செய்தி ஒன்று: 2018 நவம்பரில் லிஸ்பன் அருகே பராமரிப்பு முடிந்து கிளம்பிய நிஜமான ஜெட் விமானம் ஒன்றில் இறக்கை மடிப்புகளின் கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்தன. உள்ளே இருந்த ஆறு பேரும் நெடுநேரம் ஆகாயத்தில் திண்டாடி, கடைசியில் பேஜா என்ற ஊரில் பத்திரமாக இறங்கினார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். மேலும் அவர்கள் பக்கத்தில் தண்டல் இல்லை.

பாத்தித் தண்ணீர் கடல்நீரைவிடப் பலமடங்கு உப்பு. மின்சாரச் சாமான்களைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தும் பாதி பிழைக்கவில்லை. வீட்டில் இதற்காக வருத்தப்பட்டவன் நான் ஒருவன்தான். அப்போது எனக்குத் துணை நின்றவர் சாமுவேல் லாங்லி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர், பெரிய விஞ்ஞானி. 1896 மே மாதம் அவருடைய ஆளில்லாத மாதிரி விமானம் போட்டோமாக் ஆற்றின் மேல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பறந்தது. அந்தத் தெம்பில் அரசாங்கம் 50,000 டாலர் கொடுத்தது. அதே மாதிரியைப் பெரிதாக்கி, ஆளை ஏற்றி, படகுவீட்டின் கூரையிலிருந்து 1903 அக்டோபரில் விட்டார், ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8-இல் மறுபடி விட்டார், மறுபடி விழுந்தது. ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். இதை மனைவியிடம் விவரமாகச் சொன்னேன். “அவருக்குக் கவர்மென்ட்டு காசு” என்றாள்.

புதுச் சாமான் வாங்கி, சுக்கானை மகன் சொன்னபடி மாற்றி, மறுபடி எறிந்தோம். மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, வாலைச் சுருட்டிக் கீழே விழுந்தது. விழும்போதெல்லாம் வால் உடையும். வால் உடையும்போதெல்லாம் நான் பசையும் பட்டையும் போட்டு வாலைப் பலப்படுத்துவேன். பலப்படுத்தும்போதெல்லாம் முன்பைவிடச் சீக்கிரம் விழும். இந்தக் கைங்கரியம் எங்கே போய் முடிந்திருக்குமோ, தண்டல் அண்ணாச்சி பொறுமை இழந்து எழுந்துவந்தார். இரண்டு விரலை இறக்கைக்கு அடியில் கொடுத்து விமானத்தைத் தூக்கினார். வால் தொங்கியது.

“அணியத்துல பாரம் இல்ல, தம்பி. பின்னால ஏத்தி வச்சுருக்கீரு. அணியம் லேசா இருந்தா காத்துக்கு மூக்கத் தூக்கத்தான் செய்யும். தோணியும் இதுதான் செய்யும்.”

செய்முறைத் தாளை அன்று இரவு முதல்முறையாக முழுவதும் படித்தேன். எடை நடுப்புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விழ வேண்டும். வால் தூரத்தில் இருக்கிறது, மூக்கு கிட்டத்தில் இருக்கிறது. அதனால் வாலில் 10 கிராம் பசை ஏறினால் மூக்கில் 20, 30 கிராம் வைத்துத்தான் சரிக்கட்ட முடியும். நாள் முழுக்க மற்றவர்களின் சரக்குக்கு நான் எழுதித் தருகிற அதே கணக்கு. தண்டல் இதை இரண்டு விரலில் முடித்திருந்தார். அவரே வீட்டிலிருந்து வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகள் கொண்டுவந்து, மூக்குக்குள் ஒவ்வொன்றாகத் திணித்து, விரல்மேல் மட்டமாக நின்றதும் போதும் என்றார். குண்டுகளைக் கடனாகத்தான் தந்திருப்பதாகவும் சொன்னார்.

பறந்தது ஐயா! ஒரு முறை வட்டமடித்தது. இன்னொரு முறையும் அடித்தது. மாமியார்கூடக் கைதட்டினார். தண்டல் மட்டும் மேற்கே பார்த்து, “கச்சான் ஏறுது, இறக்கிரும்” என்றார். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. இறக்கலாம் என்று குச்சியைத் தள்ளினேன். ரிமோட்டில் ஒரு சிவப்பு விளக்கு முனகிவிட்டு அணைந்தது. அதற்குள் இருந்த பென்சில் பேட்டரிகள் புதியவை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். முந்தின நாள் சீரியல் நேரத்தில் டி.வி. ரிமோட் நின்றுபோனதும், மாமியார் நல்ல பேட்டரிகளை எங்கிருந்து எடுத்தார், பழையவற்றை எங்கே போட்டார் என்பதெல்லாம் வீடு திரும்பிய பிறகுதான் விசாரணையில் வெளிவந்தது. வெள்ளை விமானம், வெள்ளை உப்பு, உச்சிவெயில். கிழக்கே போனது வரை பார்த்தோம்.

ஆகவே முள்ளக்காட்டிலிருந்து பழையகாயல் வரை உப்பளங்களில் வேலை செய்கிற அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கடலில் சங்கு குளிக்கப் போகிற தம்பிமாரே: மீன்வாடை அடிக்கிற ஒரு தெர்மகோல் விமானம் உங்கள் கண்ணில் பட்டால், உப்புநீரில் ஊறிய பேட்டரியைத் தொடாதீர்கள், அது புகையும். மோட்டாரையும் விமானத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்குள் இருக்கிற ஈயக் குண்டுகளை மட்டும் எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்டல் அண்ணாச்சி தினமும் காலையில் வாசலில் வந்து நின்று கேட்கிறார்.